பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் காவலரைக் கடப்பது: கைத்திறன் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கி, 1990-இல் டாஸ் கணினிகளுக்கும் வந்துசேர்ந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்ற கணினி விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள், பள்ளங்களையும் முட்பொறிகளையும் ஓரளவு பழகிக்கொண்ட பின்னும் வாளேந்திய காவலரிடம் வந்து திணறுவது வழக்கம். ஒருமுறை மூன்றே குத்தில் விழுந்த காவலன், அடுத்த முறை அதே இடத்தில் நின்றுகொண்டு ஆறு குத்தையும் தடுத்துவிட்டு நம்மை வீழ்த்திவிடுகிறான். அப்போது ‘இது வெறும் அதிர்ஷ்டம்’ என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். அந்தச் சலிப்பில் உண்மையும் இருக்கிறது; காவலன் தடுப்பதா, குத்துவதா, முன்னேறுவதா என்பதைக் கணினி உண்மையாகவே தாயம் உருட்டித்தான் தீர்மானிக்கிறது. ஆனால் அந்தத் தாயம் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் உருள்வதில்லை. எப்போது உருள வேண்டும், எத்தனை முறை உருள வேண்டும் என்பது பெரும்பாலும் ஆடுபவரின் கையில் இருக்கிறது. காவலரைக் கடக்கும் திறன் என்று சொல்லத்தக்கது அதுதான் என்பதே என் கருத்து. இந்தக் கட்டுரையின் வழிமுறைகள் யாவும் அதிலிருந்து பிறந்தவை.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஆப்பிள் 2 பதிப்பின் மூல நிரலை மெக்னர் 2012-இல் பொதுவில் வெளியிட்டார். டாஸ் பதிப்பின் நிரலை ஆர்வலர்கள் பிரித்துப் படித்து, எஸ்டிஎல்பாப் என்ற பெயரில் இன்றைய கணினிகளில் இயங்கும் திறமூல வடிவமாக எழுதியிருக்கிறார்கள். காவலன் எப்படி முடிவெடுக்கிறான் என்பதை அங்கே வரிவரியாகப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் டாஸ் பதிப்பின் எண்கள்.

எது மாறாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

காவலர் நிற்கும் இடங்கள், மருந்துக் குப்பிகள், பொறிகள், கதவைத் திறக்கும் தளக்கற்கள் ஆகியவை ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே இடத்தில்தான் இருக்கும். நாயகனிடம் தொடக்கத்தில் 3 உயிர் முக்கோணங்கள் இருக்கும் (வாள் உருவிய நிலையில் ஒரு குத்துப்பட்டால் ஒன்று குறையும்). முதல் சில நிலைகளின் காவலருக்கும் அதே 3 முக்கோணங்கள்தாம். ஆறாம் நிலையில் வழிமறிக்கும் தொந்திக் காவலனுக்கு 5, இறுதியில் வரும் அமைச்சன் ஜாஃபருக்கு 6. ஆட்டம் முழுவதற்கும் 60 நிமிடம். இறந்தால் பொதுவாக அந்த நிலையின் தொடக்கத்துக்குத் திரும்புவீர்கள். ஆனால் கடிகாரம் திரும்பாது. இவையெல்லாம் மனப்பாடம் செய்யத்தக்கவை, இவற்றில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ஆகவே ஒரு நிலையில் எத்தனை காவலர், எங்கே, அவர்களுக்கு முன்னும் பின்னும் என்ன பொறி என்பதை முதல் சில ஆட்டங்களில் பார்த்து வைத்துக்கொள்வது, வாள்வீச்சைப் பழகுவதற்கு இணையான பயிற்சி.

விசைகள் எளிமையானவை. ஷிஃப்ட் அழுத்தினால் குத்து. மேல் அம்புக்குறி தடுப்பு. பக்க அம்புக்குறிகள் முன்னேறவும் பின்வாங்கவும். கீழ் அம்புக்குறி வாளை உறையிலிட. ஒரு குத்துக்கு ஓர் அழுத்தம் என்பதால் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

முதற்படி: வாள் உருவாமல் காவலனை நெருங்காதீர்கள்

முதல் நிலையில் ஆட்டம் தொடங்கும்போது கையில் வாள் இல்லை. அதைத் தேடி எடுத்த பிறகுதான் காவலன் பக்கம் திரும்ப வேண்டும். வாள் இல்லாமலோ, இருந்தும் உறையில் வைத்துக்கொண்டோ அவன் எட்டும் தொலைவுக்குள் போனால் நடப்பது தாய உருட்டல் அன்று, உறுதியான சாவு. நிரலில் இது எழுதப்பட்டிருக்கும் விதம் வேடிக்கையானது: வாள் உருவாத நிலையில் குத்துப்படுபவரின் உயிரிலிருந்து 100 முக்கோணங்கள் கழிக்கப்படுகின்றன. நாயகனிடம் இருப்பதோ 3.

அதேபோல, நாயகன் வாள் உருவாமல் எட்டும் தொலைவில் நின்றால் காவலன் குத்துவதற்கு நிகழ்தகவு எதையும் பார்ப்பதில்லை. குத்தியே தீருவான். ஓடிக்கொண்டே அவனை நோக்கி வருபவரையும் அப்படியே நடத்துகிறான். ஓட்டத்தில் நெருங்கினாலும், ஓடித் தாவினாலும், குறிப்பிட்ட தொலைவுக்குள் வந்ததும் தாயம் எதுவும் உருட்டாமல் வாளை நீட்டிவிடுகிறான். ‘வேகமாக ஓடி அவனைத் தாண்டிவிடலாம்’ என்ற யோசனை புதியவர் எல்லாருக்கும் வருகிறது. எதிரே முகம் திருப்பி நிற்கும் காவலனிடம் அது எடுபடாது. வாய்ப்பு குறைவு என்று சொல்வதற்குக்கூட அங்கே இடமில்லை.

எனவே காவலன் இருக்கும் திரைக்குள் நுழையும்போது ஓட்டத்தை நிறுத்தி நின்றுவிடுங்கள். நின்றால் நாயகன் தானாகவே வாளை உருவிக்கொள்வான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சண்டையின் நடுவே நீங்களே கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையிலிட்டால், அது மறுபடி தானாக வெளிவராது, ஷிஃப்ட் அழுத்தித்தான் உருவ வேண்டும். பதற்றத்தில் கீழ் விசையைத் தட்டிவிட்டு, காரணம் தெரியாமல் ஒரே குத்தில் சாகிற புதியவர்கள் பலர்.

முதுகு காட்டி நிற்கும் காவலனிடம் நிலைமை சற்று வேறு. ஓடும் காலடி ஓசையைக் கேட்டுத்தான் அவன் திரும்புகிறான். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்தால் ஓசை எழாது. சண்டை எங்கே தொடங்க வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: தொலைவைக் கண்ணால் அளக்கப் பழகுங்கள்

இந்த விளையாட்டில் ஒரு திரை 10 கல் அகலம். நிரல் ஒவ்வொரு கல்லையும் 14 அலகாகக் கணக்கிடுகிறது. வாள் உருவிய இருவருக்கும் இடையே 12 முதல் 28 அலகு வரை இருந்தால்தான் குத்து உடலில் படும்; அதாவது ஒரு கல்லுக்குச் சற்றுக் குறைவிலிருந்து இரண்டு கல் வரை. இந்த நடுப்பகுதிதான் தாயம் உருளும் களம்.

அதற்கு வெளியே, 35 அலகுக்கு அப்பால், நாயகனைக் கண்டுவிட்ட காவலன் முன்னால் தளம் இருந்தால் நடந்துவருவான், இல்லையென்றால் பின்வாங்குவான். இரண்டிலும் தற்செயல் இல்லை. இரண்டு கல்லுக்குச் சற்று மேலே, களத்தின் விளிம்பில், முன்னேறுவதா என்பதற்கு மட்டும் அவன் தாயம் உருட்டுகிறான், குத்துவதற்கு உருட்டுவதில்லை. அங்கே நிற்கும் வரை உங்களுக்கு ஆபத்து கிடையாது. 12 அலகுக்கும் குறைவாக ஒட்டிக்கொண்டால் இருவர் வாளும் பயனற்றுப் போகும். அந்த நெருக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறிவிடுவதும் உண்டு. காவலனுக்குப் பின்னால் இருக்கும் கதவுதான் உங்கள் தேவை என்றால் இந்த இடமாற்றம் ஒரு வரம். ஆனால் அவன் உடனே திரும்பிவிடுவான் என்பதால் ஓடத் தொடங்குமுன் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் களத்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும் உங்கள் விருப்பம் என்பதே முக்கியம். முன் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் களத்துக்குள். பின் அம்புக்குறியைத் தட்டினால் வெளியே. தோற்கும் புதியவர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: களத்தின் நடுவில் நின்றுகொண்டு ஷிஃப்ட்டைத் தொடர்ந்து தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டலும் காவலன் கையில் ஒரு தாயத்தைக் கொடுக்கிறது.

மூன்றாம் படி: காவலன் உருட்டும் தாயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கட்டுரையின் கடினமான பகுதி இது. பொறுமையாகப் படித்தால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

நிரலில் காவலரின் திறன் 0 முதல் 11 வரை 12 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வகைக்கும் குத்துவதற்கு ஓர் எண், தடுப்பதற்கு ஓர் எண், தடுத்தவுடன் திருப்பிக் குத்துவதற்கு ஓர் எண், முன்னேறுவதற்கு ஓர் எண் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். முடிவெடுக்கும் கணம் வரும்போது கணினி 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண், வகைக்குரிய எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் செயல் நடக்கும்.

குத்துவதிலிருந்து தொடங்குவோம். திறன் 0 வகைக் காவலனின் குத்து எண் 61. அதாவது ஒவ்வொரு சட்டகத்திலும் (திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு படத்திலும்) அவன் குத்துவதற்கான வாய்ப்பு 256-இல் 61, ஏறத்தாழ 24 விழுக்காடு. சண்டையின்போது திரை நொடிக்கு ஏறக்குறைய 10 சட்டகம் ஓடுகிறது. 10 சட்டகத்தில் ஒருமுறைகூடக் குத்தாமல் இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 7 விழுக்காடுதான் வருகிறது. ஆகக் களத்துக்குள் ஒரு நொடி நின்றால் காவலன் குத்துவான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். எந்தச் சட்டகத்தில் என்பது மட்டுமே தெரியாது. குத்து எண் 100 உடைய திறன் 1 காவலனுக்கு அரை நொடியே போதும். ‘குத்துவானா’ என்ற கேள்வியை அதிர்ஷ்டத்திடமிருந்து பறித்துவிட்டோம். மிஞ்சுவது அவன் கை அசையும் கணத்தைக் கண்டு மேல் விசையை அழுத்துவது. அது கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள தொடர்பு, பழகப் பழக வருவது.

இனித் தடுப்பு. திறன் 0 காவலனின் தடுப்பு எண் 0. அவன் ஒருபோதும் தடுப்பதில்லை. அதோடு, மற்ற வகையினர் நீங்கள் குத்திய பிறகு சிறிது நேரம் முன்னேறாமல் நிற்பார்கள். இவனோ அதைப்பற்றிக் கவலைப்படாமல் வாள்முனையை நோக்கி நடந்து வருகிறான். இவனிடம் தோற்க முயற்சி வேண்டும். திறன் 1, 2 வகையினரின் தடுப்பு எண் 150. திறன் 3, 4 வகையினருக்கு 200. திறன் 5-க்கு 255. கடைசியாகச் சொன்னவனிடம் நேரே போய்க் குத்தினால் தடுக்காமல் விடும் வாய்ப்பு ஒரு சோதனைக்கு 256-இல் ஒன்று. (ஒரு குத்து நீளும்போது இந்தச் சோதனை ஒன்றுக்கு மேற்பட்ட சட்டகங்களில் நடக்கலாம் என்பதால், இந்த எண்களை ஒரு முழுக் குத்துக்கான விழுக்காடாக எடுத்துக்கொள்ளாமல், ஒப்பிட்டுப் பார்க்கும் அளவாகக் கொள்ளுங்கள்.)

இங்கேதான் விளையாட்டை வடிவமைத்தவரின் நுட்பம் தெரிகிறது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டாவது தடுப்பு எண் ஒன்றும் இருக்கிறது. காவலன் குத்தி, அந்தக் குத்தை நீங்கள் தடுத்துவிட்டால், அடுத்த 4 சட்டகங்களுக்கு அவனுடைய தடுக்கும் திறன் குன்றிவிடுகிறது. அந்த நேரத்தில் இரண்டாவது எண்தான் கணக்கில் வரும். திறன் 1, 2 வகையினருக்கு 150 என்பது 61 ஆகிறது. திறன் 3, 4 வகையினருக்கு 200 என்பது 100 ஆகப் பாதியாகிறது. எவராலும் நெருங்க முடியாதவன் போலத் தோன்றிய திறன் 5 காவலனுக்கு 255 என்பது 145 ஆகிறது. நீங்கள் தடுத்ததற்கான பரிசு இது. அரை நொடிகூட நீடிக்காத இந்த இடைவெளியில் கொடுக்கும் குத்தும், தோன்றியபோதெல்லாம் கொடுக்கும் குத்தும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. வெற்றி வாய்ப்பில் அவை வெவ்வேறு.

நான்காம் படி: தடு, உடனே குத்து

மேற்சொன்னதைச் செயலாக மாற்றினால் வழிமுறை இதுதான். களத்துக்குள் ஓர் அடி வையுங்கள். குத்தாதீர்கள். காவலனின் வாள்கையை மட்டும் பாருங்கள். அது பின்னே இழுபட்டு முன்னே வரத் தொடங்கியதும் மேல் விசையைத் தட்டுங்கள். வாளோடு வாள் மோதும் ஓசை கேட்ட அதே கணத்தில் ஷிஃப்ட்டைத் தட்டுங்கள். நாயகன் தடுத்த நிலையிலிருந்தே நேராகக் குத்துக்கு மாறுவான். வாளை இறக்கி மறுபடி உயர்த்தும் நேரம் மிச்சமாகிறது.

குத்து பட்டால் காவலன் பின்னே தள்ளப்படுவான். தாழ்ந்த திறன் வகையினர் அதன்பின் 16 சட்டகம் வரை எதிர்த்தாக்க மாட்டார்கள். திறன் 4 முதல் 7 வரையிலானவர்களுக்கு அந்தத் தயக்கம் 8 சட்டகமாகக் குறைகிறது. திறன் 10, 11 வகையினருக்கு அறவே இல்லை. தாழ்ந்த வகையினரிடம் இந்தத் தயக்கத்தைப் பயன்படுத்தி ஓர் அடி முன்னேறி இன்னொரு குத்துக் கொடுக்கலாம். தேர்ந்தவர்களிடம் பேராசைப்படாமல் மறுபடி காத்திருப்பதே நல்லது.

குத்து படாமல் அவன் தடுத்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை காவலனின் வகையைப் பொறுத்தது. தடுத்தவுடன் திருப்பிக் குத்துவதற்கான எண் திறன் 0, 1, 2 வகையினருக்கு 0; திறன் 3, 4 வகையினருக்கு வெறும் 5. அவர்கள் உங்கள் குத்தைத் தடுத்துவிட்டு அந்த நிலையிலிருந்தே பதிலடி கொடுப்பது அரிது. எனவே நிதானமாக மறுபடி தொடங்கலாம். ஆனால் திறன் 5-க்கு இந்த எண் 175, திறன் 9, 10 வகையினருக்கு 255. முதலாமவன் தடுத்தால் பதில் குத்து பெரும்பாலும் வரும், பின்னவர்கள் தடுத்தால் வந்தே தீரும்.

புதியவர்கள் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். உண்மையில் இதைவிட நல்ல செய்தி இல்லை, ஏனென்றால் வந்தே தீரும் என்று தெரிந்த குத்தைத் தடுப்பது எளிது. தேர்ந்த காவலனிடம் முதல் குத்தைத் தூண்டிலாகப் போடுங்கள். அவன் தடுப்பான் என்று எதிர்பார்த்தே குத்துங்கள்; ஷிஃப்ட்டிலிருந்து விரலை எடுத்ததும் மேல் விசைக்குப் போங்கள். அவன் பதில் குத்து உங்கள் தடுப்பில் மோதும், அவன் தடுப்பு குன்றும், அப்போது குத்துங்கள். அது படவில்லையென்றால் மறுபடி அவன் குத்துவான், நீங்கள் தடுப்பீர்கள், குத்துவீர்கள். ஷிஃப்ட், மேல், ஷிஃப்ட், மேல் என்று தாளம் தவறாமல் போகும் இந்தச் சங்கிலியில் திறன் 5, 9 வகையினரின் தடுப்பு எண் ஒவ்வொரு சுற்றிலும் 145-ஆகத்தான் இருக்கும். எதிர்பார்த்ததைவிட ஒரு சுற்று கூடலாம் அல்லது குறையலாம். அதிர்ஷ்டத்தின் பங்கு அவ்வளவே. தாளத்தைத் தவறவிட்டால் உயிர் போவது அதிர்ஷ்டத்தால் அன்று.

சில வகைகள் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. திறன் 10-க்கு இரண்டு தடுப்பு எண்களும் 255. திறன் 7-க்கு இரண்டும் 250. நீங்கள் எவ்வளவு அழகாகத் தடுத்தாலும் அவர்கள் தடுப்பு குன்றாது. ஆனால் திறன் 7 காவலனின் முன்னேறும் எண் 0 என்பதைக் கவனியுங்கள். சண்டைக் களத்தில் அவன் உங்களைத் தேடி ஓர் அடி எடுத்து வைப்பதில்லை; அவனிடம் அவசரப்படுபவர் நீங்களாக மட்டுமே இருக்க முடியும்.

ஐந்தாம் படி: பின்வாங்கி இழுத்து வாருங்கள்

விரல் இன்னும் பழகாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. களத்தின் விளிம்பில், காவலனுக்கு எட்டாத இடத்தில் நில்லுங்கள். முன்னேறும் எண் பெரும்பாலான வகையினருக்கு 200 அல்லது 255 என்பதால் அவன் விரைவிலேயே உங்களை நோக்கி அடி எடுத்து வைப்பான். கால் நிலைகொள்ளும் வரை தடுப்புக்கு மாற இயலாத சில கணங்கள் அந்த அடியில் இருக்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் குத்து போய்ச் சேர வேண்டும். குத்திவிட்டு, பட்டாலும் படாவிட்டாலும் ஓர் அடி பின்வாங்குங்கள். மறுபடி அவன் வருவான்.

இந்த முறைக்குப் பின்னால் இடம் வேண்டும். குத்துப்பட்டால் நீங்களும் பின்னே தள்ளப்படுவீர்கள் என்பதால் பள்ளத்துக்கு முதுகு காட்டிச் சண்டையைத் தொடங்காதீர்கள். ஒரு தளம் விழுந்தால் சேதமில்லை, இரண்டு தளம் விழுந்தால் ஒரு முக்கோணம் போகும், மூன்று தளம் விழுந்தால் உயிரே போகும். திரையின் ஓரம் வரை பின்வாங்கி அடுத்த திரைக்குப் போனாலும், அருகில் இருக்கும் காவலன் தொடர்ந்து வருவான். அதை உங்களுக்குச் சாதகமான இடத்துக்கு அவனை அழைத்துப் போகப் பயன்படுத்தலாம்.

ஆறாம் படி: வாளைவிடப் பள்ளம் மேல்

காவலன் தானாக நடக்கும்போது முன்னால் தளம் இருக்கிறதா என்று பார்க்கிறான். நீங்கள் கீழே இறங்கினால் பின்தொடர்ந்து குதிக்குமுன் கீழே முட்கள் இருக்கின்றனவா, ஆடும் கல் இருக்கிறதா என்றுகூடச் சோதிக்கிறான். ஆனால் குத்துப்பட்டுப் பின்னே தள்ளப்படும்போது எந்தச் சோதனையும் கிடையாது. காவலனுக்குப் பின்னால் பள்ளம் இருந்தால் அவனுடைய முக்கோணங்கள் அனைத்தையும் தீர்க்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு குத்தில் விளிம்புக்குத் தள்ளினால் மீதியைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும். தாயத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதே திறன் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஐந்து குத்து பட வேண்டிய சண்டை இரண்டு குத்தில் முடிந்துவிடுகிறது.

மூன்றாம் நிலையின் எலும்புக்கூடு இதைக் கற்பிக்கவே வைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. வெளியேறும் கதவைத் திறந்த பின் தரையில் கிடந்த எலும்புக்கூடு எழுந்து வாளோடு எதிர்க்கும். அதை வாளால் கொல்லவே முடியாது. தள்ளிக்கொண்டே போய் விளிம்பிலிருந்து வீழ்த்த வேண்டும். உயிர் முக்கோணத்தை எண்ணிக்கொண்டு அதனோடு நின்று சண்டையிடுபவர் முடிவில்லாமல் சண்டையிட வேண்டியதுதான்.

பயிற்சியும் நேரக் கணக்கும்

டாஸ் பதிப்பில் மூன்றாம் நிலையிலிருந்து கண்ட்ரோல், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் சேமிக்கப்படும். நிலையின் தொடக்கமும் மீதமுள்ள நிமிடங்களும் பதிவாகும். இடைவெளி விசை மீத நேரத்தைக் காட்டும். எஸ்டிஎல்பாப்பில் எஃப் 6 அழுத்தி நின்ற இடத்திலேயே சேமித்து, எஃப் 9 அழுத்தி அங்கேயே திரும்பலாம். ஒரு காவலனுக்கு முன்னால் சேமித்து, அவனோடு திரும்பத் திரும்பச் சண்டையிட்டுத் தடுப்பின் தாளத்தைப் பழகுவதற்கு இது மிகவும் உதவும். ஆனால் நல்ல தாயம் விழும் வரை ஏற்றிக்கொண்டே இருந்து ஒரு காவலனைக் கடப்பவர், அடுத்த காவலனிடம் அதே கை, அதே கண்ணோடுதான் போய் நிற்பார்.

தற்செயல் என்று நாம் சொல்வதுகூடக் கணினிக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். எஸ்டிஎல்பாப்பில் ஆட்டத்தைப் பதிவு செய்தால், அந்தக் கணக்கின் தொடக்க எண்ணும் நீங்கள் அழுத்திய விசைகளும் சேமிக்கப்படுகின்றன; அவற்றை மறுபடி ஓட்டினால் ஒவ்வொரு குத்தும் தடுப்பும் இம்மி பிசகாமல் அப்படியே நடக்கும். தோற்ற சண்டையைப் பதிவிலிருந்து ஓடவிட்டு, களத்துக்குள் எத்தனை குத்துகளைத் தேவையில்லாமல் கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காவலனிடம் காத்திருந்து செலவிடும் நொடிகளுக்காக வருந்த வேண்டாம். பொறுமையான சண்டை அரை நிமிடம் எடுக்கலாம். தோற்றுத் தொடக்கத்திலிருந்து வருவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். முதல் காவலனிடமே இரண்டு முக்கோணங்களை இழந்துவிட்டால், அருகில் குப்பி இருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உயிர் நிறைந்திருக்கும்போது சிறிய குப்பியைக் குடித்து வீணாக்காமல் சண்டைக்குப் பின்னால் வந்து குடிப்பது நல்லது. பெரிய குப்பி முக்கோணத்தின் மொத்த எண்ணிக்கையையே ஒன்று கூட்டுவதால், வழியைவிட்டு விலகியாவது அதை எடுத்துவிட வேண்டும். தாயம் எதிராக விழும்போது தாங்கிக்கொள்ள உதவுவது கூடுதல் முக்கோணம்தான்.

இறுதியில் இருவர்

பன்னிரண்டாம் நிலையில் எதிரே வரும் நிழலுருவத்தைக் குத்தினால் உங்கள் முக்கோணமும் போகும். கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையிலிடுங்கள், அதுவும் உறையிலிடும். பிறகு அதை நோக்கி ஓடினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதற்படியில் செய்யவே கூடாது என்று சொன்ன இரண்டையும், அதாவது வாளை உறையில் வைப்பதையும் எதிரியை நோக்கி ஓடுவதையும், இங்கே மட்டும் செய்தாக வேண்டும்.

அதன்பின் ஜாஃபர். அவனை ஒதுங்கிக் கடக்கவும் தாவிக் கடக்கவும் வழியில்லை. 6 முக்கோணங்களையும் வாளால்தான் தீர்க்க வேண்டும். தொடங்குமுன் இடைவெளி விசையை அழுத்தி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் அவன் குத்தை எதிர்பார்த்து நின்று, தடுத்துக் குத்தும் தாளத்திலேயே போங்கள். சில நொடிகளே இருந்தால் மட்டும் முந்திக் குத்தி, தாயத்தை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.